உங்கள் பாலிசிக்கு 'ஓகே' சொல்வது யார்? காப்பீட்டு நிறுவனத்தில் சீனியர் அண்டர்ரைட்டர் என்ன செய்கிறார்?

நாற்பது வயதில் ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டு மூணு நாள்ல பாலிசி வந்துடும் சார்" என்கிறார் ஏஜென்ட். ஆனால், ரத்தப் பரிசோதனை தேவை, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு தேவை என்று குறுஞ்செய்தி வருகிறது. எல்லாவற்றையும் கொடுத்த பிறகு, "பிரீமியம் கூடுதலாகும், சம்மதமா?" என்று கேட்கிறார்கள். ஏன் என்று ஏஜென்ட்டிடம் கேட்டால், "அண்டர்ரைட்டிங்ல நிக்குது சார், என் கையில எதுவும் இல்ல" என்கிறார்.

அவர் சொல்வது உண்மைதான். உங்களை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவர், உங்கள் காகிதங்களை மட்டும் வைத்து அந்த முடிவை எடுத்திருக்கிறார். அவர் யார்? எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்? பல ஆண்டுகள் கழித்து உங்கள் குடும்பம் கேட்கப்போகும் க்ளெய்முக்கும் இந்த முடிவுக்கும் என்ன தொடர்பு?

அண்டர்ரைட்டர் என்ற பெயர் எப்படி வந்தது?

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காபிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகளும் வணிகர்களும் கூடும் இடம் அது. ஒரு கப்பலின் பயண விவரத்தையும் சரக்கின் மதிப்பையும் ஒரு தாளில் எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள். கப்பல் மூழ்கினால் இழப்பில் இவ்வளவு பங்கை நான் ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்பவர், அந்த விவரத்துக்குக் கீழே தன் பெயரை எழுதுவார். கீழே எழுதுபவர் என்பதால் 'அண்டர்ரைட்டர்' என்று பெயர். அந்தக் கடைதான் பின்னாளில் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையாக வளர்ந்தது.

அன்று அவர்கள் பணயம் வைத்தது சொந்தப் பணம். இன்றைய அண்டர்ரைட்டர் கையெழுத்திடுவது பல லட்சம் பாலிசிதாரர்கள் கட்டிய பணத்துக்கு. ஒருவரை உள்ளே சேர்ப்பதா, சேர்த்தால் அவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. அபாயம் அதிகமுள்ளவரிடம் குறைவாக வாங்கினால், அந்தச் சுமை மற்ற எல்லோர் மீதும் ஏறும். தேவையில்லாமல் ஒருவரை மறுத்தால், ஒரு குடும்பம் பாதுகாப்பின்றி நிற்கும்.

மற்றவர்களோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏஜென்ட் பாலிசியை விற்பவர். ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணக்கியலாளர், லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தை வைத்து அடிப்படை விலையை நிர்ணயிப்பவர். சர்வேயர் இழப்பு நடந்த பிறகு அதை மதிப்பிட வருபவர். அண்டர்ரைட்டர் பார்ப்பது உங்கள் ஒருவரின் ஃபைலை, அதுவும் எதுவும் நடப்பதற்கு முன்னால்.

'சீனியர்' என்றால் என்ன வித்தியாசம்?

காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த அண்டர்ரைட்டிங் கொள்கையை வைத்திருக்க வேண்டும். அதன்படி ஒவ்வொரு அண்டர்ரைட்டருக்கும் ஓர் அதிகார வரம்பு உண்டு. இத்தனை லட்சம் வரை இவர் ஒப்புதல் தரலாம், அதற்கு மேல் போனால் மேலே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் இருக்கும்.

வயது குறைவு, நோய் எதுவும் இல்லை, தொகையும் சிறியது என்றால் இன்று பெரும்பாலும் கணினியே சில நிமிடங்களில் ஒப்புதல் தந்துவிடும். கணினி தயங்குவதையும், இளநிலை அண்டர்ரைட்டரின் வரம்பைத் தாண்டுவதையும்தான் சீனியர் பார்க்கிறார். அவரது வரம்பையும் தாண்டினால் ஃபைல் மறுகாப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். காப்பீட்டு நிறுவனங்களே தங்கள் அபாயத்தைக் காப்பீடு செய்துகொள்ளும் இடம் அது. இந்தியாவில் பொதுத்துறையின் ஜி.ஐ.சி. ரீ, வெளிநாட்டு நிறுவனங்களான மியூனிக் ரீ, ஸ்விஸ் ரீ போன்றவை இந்தத் தொழிலில் உள்ளன.

இதுபோக, இளையவர்களின் முடிவுகளைத் தணிக்கை செய்வது, விதிகளைத் திருத்துவது, விற்பனைப் பிரிவின் அழுத்தத்தைத் தாங்குவது என வேறு வேலைகளும் உண்டு. "மாசக் கடைசி சார், இந்த ஒரு கேஸ் மட்டும் பாஸ் பண்ணுங்க" என்று போன் வந்தால், முடியாது என்று காரணத்தோடு எழுதி வைக்க வேண்டியவர் அவர். அந்தக் குறிப்பு ஃபைலில் நிற்கும். நாளை க்ளெய்ம் வழக்கானால் நீதிமன்றம்வரை போகக்கூடிய காகிதம் அது.

ஆயுள் காப்பீட்டு ஃபைலில் எதைப் பார்க்கிறார்கள்?

மூன்று விஷயங்களை.

முதலாவது, உடல்நிலை. ஒரே வயதுள்ளவர்களின் சராசரி இறப்பு அபாயத்தை 100 என்று வைத்துக்கொள்வார்கள். உங்கள் உயரத்துக்கு எடை அதிகம் என்றால் 25 கூடலாம். கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை நோய்க்கு 50 கூடலாம். மொத்தம் 175. அதாவது சராசரியைவிட 75% கூடுதல் அபாயம். அதற்கேற்ப பிரீமியம் ஏறும். இதற்கு 'லோடிங்' என்று பெயர். (இந்த எண்கள் புரிதலுக்கு மட்டுமே. ஒவ்வொரு நிறுவனத்தின் கையேட்டிலும் இவை மாறும்.)

பரிசோதனைகளுக்கும் காரணம் உண்டு. இரண்டு நாள் வாயைக் கட்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு குறைந்துவிடலாம். எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் அந்த வித்தை பலிக்காது. ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும். புகைப்பழக்கம் இல்லை என்று எழுதியவரின் சிறுநீரில் கோட்டினின் இருந்தால், நிகோடின் உடலுக்குள் போயிருக்கிறது என்று பொருள்.

அனுபவம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். கல்லீரல் என்சைம் சற்றுக் கூடுதலாக இருந்தால், கணினி சிவப்புக் குறி போட்டு நிறுத்திவிடும். சீனியர் அண்டர்ரைட்டர் பக்கத்து வரிகளையும் சேர்த்துப் படிப்பார். எடையும் கொழுப்பும் கூடுதலாக இருந்தால் கொழுப்புக் கல்லீரலாக இருக்கலாம். வேறு சில அளவுகளும் சேர்ந்து உயர்ந்திருந்தால் மதுப்பழக்கமாக இருக்கலாம். நேராக மறுப்பதற்குப் பதில் இன்னும் ஒரு பரிசோதனை கேட்டு, ஏற்கக்கூடிய ஒருவரை ஏற்க வழி தேடுவதுதான் நல்ல அண்டர்ரைட்டரின் அடையாளம்.

இரண்டாவது, வருமானம். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் சம்பாதிப்பவர் 5 கோடிக்குக் காப்பீடு கேட்டால் கேள்வி எழும். ஆயுள் காப்பீடு என்பது இழக்கப்போகும் வருமானத்துக்கு ஈடு. லாபம் பார்க்கும் வழி அல்ல. எனவே ஆண்டு வருமானத்தின் இத்தனை மடங்கு என்று உச்ச வரம்பு இருக்கும். வயது கூடக்கூட அந்த மடங்கு குறையும்.

மூன்றாவது, நோக்கம். குறுகிய காலத்தில் பல நிறுவனங்களில் அடுத்தடுத்து பாலிசி எடுக்கிறாரா? நாமினி ரத்த உறவா, தொடர்பில்லாத மூன்றாம் நபரா? வேறு பாலிசிகள் உண்டா என்று படிவத்தில் கேட்பது இதற்காகத்தான்.

தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் அண்டர்ரைட்டிங் எப்படி?

மும்பையை ஒட்டிய பிவண்டியில் வரிசை வரிசையாகக் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே ஜவுளிக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் தீ விபத்துக் காப்பீடு கேட்டால், அண்டர்ரைட்டர் நான்கு கேள்விகளில் தொடங்குவார். கட்டடம் கான்கிரீட்டா, தகரக் கொட்டகையா? உள்ளே இருப்பது என்ன? ஸ்பிரிங்க்ளர், தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் கருவி வேலை செய்கின்றனவா? பக்கத்தில் என்ன இருக்கிறது? கடைசிக் கேள்வி முக்கியம். உங்கள் துணிக் கிடங்கு ஒழுங்காக இருந்தும், ஒட்டியிருக்கும் கிடங்கில் ரசாயன டிரம்கள் அடுக்கியிருந்தால் உங்கள் பிரீமியமும் ஏறும்.

அடுத்து, ஒரே விபத்தில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்ற கணக்கு. 50 கோடி ரூபாய் சரக்கு நான்கு தனித்தனிக் கட்டடங்களில் இருப்பதும், ஒரே கூரையின் கீழ் இருப்பதும் ஒன்றல்ல.

தனி ஃபைலைத் தாண்டியும் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில் 30 கிடங்குகளுக்கு அதே நிறுவனம் பாலிசி கொடுத்திருந்தால், ஒரு பெருமழையில் 30 க்ளெய்மும் ஒன்றாக வரும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. 2015-இல் சென்னை மூழ்கியது. ஒரே பகுதியில் எவ்வளவு அபாயம் குவிந்திருக்கிறது என்று கணக்கு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவை உதாரணங்கள்.

முன்பு தீ விபத்துக் காப்பீட்டின் விலை நாடு முழுக்க ஒரே அட்டவணைப்படி இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் தீ, பொறியியல், வாகன சொந்தச் சேதப் பிரிவுகளில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன் பிறகு விலை நிர்ணயிப்பது நிறுவனத்தின் பொறுப்பானது. அண்டர்ரைட்டரின் முக்கியத்துவமும் கூடியது. வாகன மூன்றாம் நபர் காப்பீட்டின் விலையை மட்டும் இன்னும் மத்திய அரசே அறிவிக்கிறது.

சிறு தொழில் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று 2 கோடி ரூபாய் சரக்கை 1 கோடிக்கு மட்டும் காப்பீடு செய்தால், 40 லட்சம் எரிந்தால் 40 லட்சம் கிடைக்காது. பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால் 20 லட்சம்தான் கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' பாலிசிகளில் 15% வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால் வெட்டு விழும்.

என்னென்ன பதில் வரலாம்?

ஒப்புதல், மறுப்பு என்ற இரண்டு மட்டுமல்ல. வழக்கமான பிரீமியத்தில் ஏற்கலாம். லோடிங் போட்டு ஏற்கலாம். தொகையைக் குறைத்தோ, நிபந்தனை போட்டோ ஏற்கலாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று தள்ளி வைக்கலாம். கடைசியில்தான் மறுப்பு. லோடிங்கோ நிபந்தனையோ போட்டால் உங்கள் சம்மதம் இல்லாமல் பாலிசி வழங்க முடியாது.

"சுகர் இருக்குன்னு எழுதாதீங்க சார்" - எழுதாவிட்டால் என்ன ஆகும்?

பிரீமியம் ஏறிவிடும் என்பதற்காகச் சில ஏஜென்ட்டுகள் இப்படிச் சொல்வதுண்டு. இதில் நஷ்டம் ஏஜென்ட்டுக்கு அல்ல, உங்கள் குடும்பத்துக்கு. காப்பீடு என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்று இந்திய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அண்டர்ரைட்டரின் முடிவை மாற்றக்கூடிய தகவலை மறைத்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் எல்லைக்கோட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

2019 ஏப்ரலில் தீர்ப்பான வழக்கில், ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். இரண்டு மாதம் முன்பு வேறொரு நிறுவனத்தில் எடுத்த 11 லட்ச ரூபாய் பாலிசியை, கேட்டும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். க்ளெய்மை நிறுவனம் மறுத்தது சரி என்றது நீதிமன்றம். விவரத்தை விளக்காமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை.

2025 பிப்ரவரியில் தீர்ப்பான வழக்கிலும் பிரச்னை சொல்லப்படாத பாலிசிகள்தான். ஆனால் 25 லட்ச ரூபாய் பாலிசி எடுத்த அந்த நபர், தன்னிடம் ஏற்கெனவே இருந்த 40 லட்ச ரூபாய் பாலிசியைச் சொல்லியிருந்தார். விட்டுப்போனவை மொத்தம் 2.3 லட்ச ரூபாய்க்கான சிறிய பாலிசிகள். இவ்வளவு பெரிய பாலிசி தெரிந்தே ஏற்ற நிறுவனத்தின் முடிவை அந்தச் சிறு தொகை மாற்றியிருக்காது என்று சொல்லி, க்ளெய்மைத் தர உத்தரவிட்டது நீதிமன்றம்.

மறந்துபோன எல்லாமே குற்றமாகிவிடாது. இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு நிதானமான அண்டர்ரைட்டர் வேறு முடிவு எடுத்திருப்பாரா என்பதே கேள்வி.

பணம் வாங்கும்போது கேட்காமல், க்ளெய்மின்போது கேட்கலாமா?

மக்களின் கோபத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். பாலிசி விற்கும்போது இரண்டு கேள்வியோடு முடித்துவிட்டு, மருத்துவமனையில் படுத்த பிறகு பத்து ஆண்டுப் பழைய மருந்துச் சீட்டைத் தோண்டுவது. வாசலில் செய்ய வேண்டிய சோதனையை ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு செய்வதற்குச் சமம் இது.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு போட்டது. அமெரிக்கா செல்லப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்தவர், தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லியிருந்தார். அங்கே போய் இறங்கியதும் மாரடைப்பு. கொழுப்புக்கு மருந்து சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் க்ளெய்மை மறுத்தது. உடல்நிலையை மதிப்பிட்டு பாலிசி வழங்கிய பிறகு, விண்ணப்பத்தில் சொல்லப்பட்ட நோயையே காரணம் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

சட்டமும் காலக்கெடு வைத்திருக்கிறது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, ஆயுள் காப்பீடு தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், எந்தக் காரணத்துக்காகவும் அந்த பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. காலாவதியான பாலிசியைப் புதுப்பித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு. மருத்துவக் காப்பீட்டில், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பிரீமியம் கட்டியிருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, தகவலை மறைத்தார் அல்லது தவறாகச் சொன்னார் என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது. எட்டு ஆண்டாக இருந்த இந்தக் காலத்தை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் ஐந்தாகக் குறைத்தது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்றானது.

அண்டர்ரைட்டரால் செய்ய முடியாதவை

மருத்துவ பாலிசியைப் புதுப்பிக்கும்போது, காப்பீட்டுத் தொகையை நீங்கள் உயர்த்தினால் தவிர, புதிதாக அண்டர்ரைட்டிங் செய்யக் கூடாது. கடந்த ஆண்டு க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது. மனநலச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. பாதித்தவர்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கென பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று 2023-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

* ப்ரபோசல் ஃபார்மை நீங்களே நிரப்புங்கள். ஏஜென்ட் நிரப்பினாலும் ஒவ்வொரு பதிலையும் படித்த பிறகு கையெழுத்திடுங்கள், ஓ.டி.பி. கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

* நோய், சாப்பிடும் மருந்து, பழைய அறுவை சிகிச்சை, புகை, மது, வேறு பாலிசிகள், முன்பு மறுக்கப்பட்ட விண்ணப்பம் என்று கேட்கப்படும் எல்லாவற்றுக்கும் உண்மையை எழுதுங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

* பாலிசியோடு ப்ரபோசல் ஃபார்மின் நகலும் வர வேண்டும். நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். தவறு இருந்தால் உடனே மின்னஞ்சலில் எழுதித் திருத்துங்கள். பிடிக்காவிட்டால் பாலிசி கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

* லோடிங் போட்டாலோ மறுத்தாலோ, காரணத்தையும் மருத்துவ அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனத்தின் கையேடு வேறு. அங்கே குறைந்த லோடிங்கில் கிடைக்கலாம்.

* அலுவலகக் குழுக் காப்பீடு இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் தனிநபர் உடல்நிலையைக் கேட்பதில்லை. வேலை போன பிறகு, ஐம்பது வயதில், நோயோடு புது பாலிசி கேட்கும்போதுதான் அண்டர்ரைட்டரை முதன்முதலாகச் சந்திப்பீர்கள். ஆரோக்கியமாக இருக்கும்போதே சொந்த பாலிசி எடுப்பது நல்லது.

ஒருவரை ஏற்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் வணிக முடிவு. ஆனால் பாலிசி வழங்கிய பிறகு க்ளெய்ம் மறுப்பு, தாமதம், சொன்னதற்கு மாறான பாலிசி போன்றவற்றுக்கு முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்னைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

இந்த வேலைக்குப் போவது எப்படி?

ஏதாவது ஒரு பட்டம் போதும் என்றாலும், பிரிவைப் பொறுத்துத் தேவை மாறும். ஆயுள், மருத்துவக் காப்பீட்டில் மருத்துவம் படித்தவர்களும், தீ, பொறியியல் பிரிவுகளில் பொறியாளர்களும் அதிகம். மும்பையில் உள்ள இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ தேர்வுகள் பதவி உயர்வுக்கு உதவும். 'சீனியர்' என்ற சொல் முன்னால் சேர, பல ஆண்டுகள் ஃபைல் பார்த்த அனுபவம் வேண்டும்.

எளிய விண்ணப்பங்களைக் கணினி எடுத்துக்கொண்டதால் இந்த வேலை அழிந்துவிடுமா? ஒரே அச்சில் அடங்கும் ஃபைல்களுக்குக் கணினி போதும். அடங்காதவற்றுக்கு ஆள் தேவைப்படும். ஆனால் அந்த ஆளும் உங்களை நேரில் பார்க்கப்போவதில்லை. உங்களைப் பற்றி அவருக்குத் தெரிவது நீங்கள் நிரப்பிய அந்தப் படிவமும், அதோடு சேர்ந்த அறிக்கைகளும் மட்டும்தான். நாளை நீங்கள் இல்லாத நேரத்தில், உங்கள் குடும்பத்துக்காகப் பேசப்போவதும் அதே படிவம்தான். அதை நிரப்ப அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.